மடிப்பில் வெட்டிய வீடு

அன்புள்ள கண்டக்டருக்கு,

டிரைவர் அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், அம்மாவின் தையல் மிஷின் எங்கள் இருவரையும் விட நலம், போன வாரம்தான் அதற்கு எண்ணெய் போட்டாள், முதுகு வலிக்கிறது என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அங்கே நீயும், உன் எக்ஸ்ரே மிஷினும், உன்னோடு வேலை பார்க்கிற அந்தச் சிரிக்காத டாக்டரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீ இப்போது ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துச் சொல்கிற பெரிய மனுஷி, ஆனாலும் பள்ளிக்கூட லீவில் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டு, நிஜக் கண்டக்டருக்கு முன்னால் விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிட்டவள், அதனால் எனக்கு நீ என்றைக்கும் கண்டக்டர்தான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள், நீ அந்தப் பக்கம் சரிப்பா சரிப்பா என்று பிரேக் போடுவாய், நான் சொல்ல வந்தது நடுவழியில் நின்றுவிடும். இப்போது அவள் ஒரு வாடிக்கைக்காரிக்கு அளவு எடுக்கப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

விஷயம் வீடுதான். வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டுவதற்கு முன்னால் அதை ஒரு தாளில் வரைந்து பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், மண்டை காய்கிற வேலை அதுதான். இந்த மாடி வாடகை வீட்டில் நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியும். சட்டை போட்டுப் பார்க்கப் பெண்கள் யாராவது வந்தால் எங்கள் படுக்கையறைதான் அவர்களுக்கு உடை மாற்றும் அறை, நான் உடனே செய்தித்தாளும் கையுமாகப் படிக்கட்டுக்குப் போய்விட வேண்டும். தினமும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, பாவம், வீட்டில் மதிப்பில்லாத மனுஷன் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. எதிர் வீட்டு வாத்தியார் ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விட்டுக் குடுத்துப் போயிடுங்க சார், நானும் அப்படித்தான் ஓட்டுறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆகவே புது வீட்டில் தையலுக்குத் தனி அறை வேண்டும் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கட்சி. அதற்குத் தெருப்பக்கமிருந்தே நேராக வழி, வருகிறவர்கள் நம் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்க்காமல் வந்து போக வேண்டும், இஸ்திரிப் பெட்டிக்கு மேஜை உயரத்தில் பிளக், பகல் வெளிச்சம் ஊசி முனையில் விழுகிற மாதிரி ஜன்னல், இதெல்லாம் அவள் கேட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்தால் வாசல் கதவு, அடுக்களை, டிவி மூன்றும் தெரிய வேண்டும், எதற்காகவும் எழுந்திருக்கக் கூடாது. "அதுக்குப் பேரு வீடு இல்லை, பஸ்ஸு" என்றாள். நடுவில் உன் அத்தை வேறு. என் சொந்த அக்கா என்பதால் நான் அதிகம் சொல்லக் கூடாது. வாசலில் நின்றால் அடுப்பு தெரியவே கூடாது, குளியலறையில் படி கூடாது, தரை வழுக்கக் கூடாது, தனக்கென்று எதுவும் வேண்டாம், இத்தனையும் ஒரே மூச்சில் சொன்னாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், எனக்கு மூன்றாவது பக்கமும் இருந்தது.

அந்த மூன்றாவது பக்கம் எங்கள் இன்ஜினியர். நல்ல பையன், உன் வயதுதான் இருக்கும், வாயைத் திறந்தால் டெக்னிக்கலா என்றுதான் ஆரம்பிப்பான், அதனால் வீட்டுக்குள் அவனுக்கு டெக்னிக்கல் என்றே பெயராகிவிட்டது. ஒரு நாள் அம்மா வாய் தவறி நேரிலேயே "டெக்னிக்கல், டீ குடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டாள், அவன் "டெக்னிக்கலா இப்பதான் குடிச்சேன், இருந்தாலும் குடுங்க" என்றான். அவன் முதலில் போட்டு வந்த படத்தில் குளியலறைக் கதவைத் திறந்தால் அடுக்களைக் கதவு மூடிக்கொள்ளும். அடுத்ததில் தையல் அறைக்கு ஜன்னலே இல்லை. அதற்கும் அடுத்ததில் கட்டிலைப் போட்டால் பீரோ திறக்காது, பீரோவைத் திறந்தால் நான் கட்டிலை விட்டு இறங்க முடியாது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நானே வெட்டித் தர்றேன்" என்று இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கட்டில், பீரோ, மிஷின், சாப்பாட்டு மேஜை எல்லாம் அளந்தாள், ஃபிரிட்ஜை மூடியபடி ஒரு தடவையும் திறந்தபடி ஒரு தடவையும் அளந்தாள், என்னையும் நாற்காலியில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்லி அளந்தாள். அத்தனைக்கும் காகிதத்தில் சின்னச் சின்னத் துண்டு வெட்டி, பெரிய பிரவுன் தாளில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். நானும் ஒரு துண்டாக இருந்தேன், கால் நீட்டியபடி. வழியில் கிடக்கிறது என்று அந்தத் துண்டை மட்டும் அடிக்கடி எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டைக்கு முதுகுத் துண்டு வெட்டும்போது உன் அம்மா முழு முதுகையும் வரைய மாட்டாள், நீயே பார்த்திருக்கிறாய். துணியை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் நடுமுதுகு வருகிற மாதிரி வைத்து, பாதி முதுகை மட்டும் வரைந்து வெட்டுவாள், விரித்தால் முழு முதுகு. காலம் காலமாகக் கை பழகிய வேலை, வீட்டையும் அப்படியே வரைந்துவிட்டாள். ஹாலுக்கு நட்டநடுவே மடிப்பு. இடது பக்கம் முன்னால் அடுக்களை, நடுவில் குளியலறை, பின்னால் எங்கள் படுக்கையறை. வலது பக்கமும் அதே அளவுதானே, அடுக்களைக்கு எதிரே தையல் அறை, குளியலறைக்கு எதிரே சாமான் அறை, எங்கள் அறைக்கு எதிரே உன் அறை, ஒரே அளவை எதற்கு இரண்டு தடவை வரைய வேண்டும் என்று தாளை மடித்து, மேல்பக்கம் இடது பாதியை மட்டும் வரைந்து, உள்பக்கம் மற்ற அறைகளின் பெயரை மட்டும் எழுதி, மடிப்பு ஓரத்தில் நீளமாகக் கோடு போட்டு 'மடிப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். டெக்னிக்கல் அதை விரித்துப் பார்க்கவில்லை. "பேப்பர் உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்" என்று மேல்பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கூப்பிட்டு, அந்த மடிப்பு முழு நீளத்துக்குமா என்று கேட்டிருக்கிறான். ஆமாம், முழு நீளத்துக்கும்தான் என்றிருக்கிறாள் இவள். மரத்திலா, அலுமினியத்திலா என்று கேட்டிருக்கிறான். மிஷின் ஓடுகிற சத்தத்தில் என்ன காதில் விழுந்ததோ, உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் சுவரே வேண்டாம், முழுக்க மடிப்புக் கதவு போடச் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். மீதி மனை தோட்டத்துக்கு என்று அவனாகவே முடிவு செய்து, கதவையெல்லாம் மடித்துத் திறந்தால் தோட்டமே வீட்டுக்குள் வரும், என்ன ரசனை என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையாகச் சொன்னானாம்.

ஞாயிற்றுக்கிழமை மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டான். நான், அம்மா, அத்தை மூவரும் போனோம். களை வெட்டின தரையில் கோடெல்லாம் பளிச்சென்று இருந்தது, ஆனால் எனக்குப் பார்த்ததுமே ஏதோ இடறியது. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் அரை வாசல்தான் இருந்தது, நான் உடம்பைக் குறுக்கிப் பக்கவாட்டில் நுழைந்தேன். ஹால் நம் பஸ்ஸில் ஆட்கள் நிற்கிற நடுவழி மாதிரி நீளமாகப் போயிற்று. ரொம்ப ஒடிசலாக இருக்கிறதே என்றேன், "டெக்னிக்கலா இப்ப எல்லாரும் ஸ்லிம்மாதான் சார் கேக்கறாங்க" என்றான். அம்மா துணியைக் கண்ணால் பார்த்தே மீட்டர் சொல்கிறவள். கோட்டுக்கு வெளியே நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்கே?" என்றாள். அவன் விழித்தான். "நீங்க விரிக்கலையா?" என்றாள். எதை விரிக்க வேண்டும் என்று கேட்டான் பாவம். அவள் பையிலிருந்து பிரவுன் தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தவன், பிறகு அவனே முதலில் சிரிக்க ஆரம்பித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொன்னேன், யாரை ஆனை என்கிறீர்கள் என்று அம்மா கேட்டாள், அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சிரிப்பு அடங்கின பிறகுதான் வினை வந்தது. அத்தை அந்த அரை ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்து, "ஏன்டா, இருக்கிறது நீங்க ரெண்டே பேரு. மிஷினுக்கு ஒரு மூலை ஒதுக்கிட்டா இதுவே போதுமே, பெருக்கவும் சுலபம்" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சும்மா கிடந்த சங்கை அவள்பாட்டுக்கு ஊதிவிட்டாள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் கொஞ்ச நேரமாக அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. நாற்காலி போடுகிற இடத்தில் நின்று பார்த்தேன், வாசல் தெரிந்தது, அடுக்களை தெரிந்தது, டிவி வைக்கிற இடம் தெரிந்தது, எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதுமே என்று நினைத்துக்கொண்டு அம்மாவைத் தேடினால், அவள் கோட்டுக்குள் இல்லை. அரை வீட்டைத் தாண்டி, களை வெட்டாத பக்கம், முள்ளும் செடியுமாகக் கிடக்கிற பின் மூலையில் போய் நின்றுகொண்டிருந்தாள். அங்கே என்னம்மா பண்றே, பூச்சி பொட்டு இருக்கப் போகுது என்று அத்தை கூப்பிட்டாள். "அவ ரூம்ல நிக்கிறேன் அண்ணி" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரிதான் சொன்னாள். அதற்குப் பிறகு டெக்னிக்கல்கூட டெக்னிக்கலா என்று எதையும் ஆரம்பிக்கவில்லை.

போன மாதம் நீ போனில் சொன்னது நினைவிருக்கும். எனக்கு எதுக்குப்பா தனி ரூம், எப்பவாவது வர்றேன், ஹால்ல படுத்துக்கிறேன், இங்க கட்டிலையே மடிச்சு சுவத்துல சாத்திடலாம், எவ்வளவு வசதி தெரியுமா என்று கட்டிலை இறக்கி, மறுபடி தூக்கி டப்பென்று சாத்திக் காட்டினாயே. பஸ் சீட்டு மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. நீ போனை வைத்த பிறகு அம்மா பொத்தான் தைத்துக்கொண்டே, "காலையில எழுந்ததும் படுத்த இடமே இல்லாம போயிடுதுல்ல அவளுக்கு" என்றாள். மறுநாள்தான் அந்தப் பிரவுன் தாளை வாங்கி வந்தாள். கண்டக்டர், நான் ஒளிக்காமல் சொல்கிறேன். நீ திரும்பி வருவாயா, அங்கேயே இருந்துவிடுவாயா, யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பாயா, எனக்குத் தெரியாது, உனக்கும் இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரியாத ஒன்றுக்கு நாலு சுவர் எழுப்பிக் கதவும் போட்டுவிட்டு, அந்தக் காலி அறையைத் தாண்டித் தாண்டித் தினமும் நடமாட எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கோ, அறை இல்லை என்றால் நீ இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். பார்க்கப் போனால் ரெண்டும் ஒரே பயம்தான். இதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை மனையிலிருந்து வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லித் தொலைத்தேன், அதன் பிறகு எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு பெண், போன வருஷம் தைத்த பள்ளிக்கூடப் பாவாடை மகளுக்கு இப்போது எட்டவில்லை, புதிதாகத்தான் தைக்க வேண்டுமா என்று கேட்டு வந்தாள். நான் வழக்கம்போலப் படிக்கட்டில். உள்ளே அம்மா சொல்வது காதில் விழுந்தது, "புதுசு எதுக்கு, உள்ளே துணி விட்டுத்தான் தச்சிருக்கேன், பிரிச்சு இறக்கிட்டா போதும். வெளியில பாத்தா தெரியாது, வேணும்னா இருக்கும்." சொல்லி வாயை மூடவில்லை, பேச்சும் நின்றது, மிஷினும் நின்றது. அடுத்த நிமிஷம் கையில் அந்தப் பாவாடையோடு படிக்கட்டுக்கே வந்து, "டெக்னிக்கலுக்குப் போன் போடுங்க" என்றாள். இத்தனை நாள் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு அதுதான். வீட்டையும் உள்ளே துணி விட்டுத் தைக்க முடியுமா என்று அவள் கேட்டதில் அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பட்டது போதும், போனில் பேச வேண்டாம் என்று நேரிலேயே ஓடி வந்து, "மேடம், விரிக்க வேண்டியது ஏதாவது இருந்தா இப்பவே விரிச்சிடுங்க" என்று கெஞ்சினான். விளக்கினதும், இது நாங்கள் எப்போதும் செய்கிறதுதான், டெக்னிக்கலா ரொம்ப ஈஸி என்று உட்கார்ந்துவிட்டான்.

முடிவான வீடு இதுதான், படமும் கூட வைத்திருக்கிறேன், தயவுசெய்து விரித்துப் பார். முழு வாசல், முழு ஹால், இடது பக்கம் அம்மா வரைந்தபடியே. வலது பக்கம் முன்னால் தையல் அறை, அதற்குத் தெருப்பக்கம் தனிக் கதவு, நடுவில் சாமான் அறை. பின்னால் உன் மூலையில் இப்போதைக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் அஸ்திவாரம் வீட்டோடு சேர்த்தே போட்டுத் தரையும் போட்டுவிடுகிறார்கள். ஹாலிலிருந்து உன் அறைக்குப் போகிற இடத்தில், ஒரு கதவு அகலத்துக்கு மேலே கான்கிரீட் தாங்கல் கொடுத்து, அதற்குக் கீழே வெறும் செங்கல்லை அடுக்கிப் பூசிவிடுவார்கள். பார்த்தால் சுவர், அந்தச் செங்கல்லை மட்டும் எடுத்துவிட்டால் வழி, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதுவரை அது துணி காயப் போடுகிற இடம், நல்ல வெயில் விழுகிற மூலை. உன் அறையில் முதலில் குடியேறப் போவது என் பனியன்கள்தான், கோபித்துக்கொள்ளாதே. அத்தைக்கும் திருப்தி, துணி காயப் போட இடம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னது தான்தான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் நாற்காலியிலிருந்து வாசல் தெரியும், டிவி தெரியும், அடுக்களை தெரியாது, அதில் அத்தை ஜெயித்துவிட்டாள். அதற்குப் பதிலாக அந்தப் பூசின சுவர் நேர் எதிரே தெரியும். அதில் படம் மாட்டக் கூடாது, காலண்டருக்குக்கூட ஆணி அடிக்கக் கூடாது என்று இப்போதே உத்தரவு ஆகியிருக்கிறது. வெறும் சுவர்தானே, அதைப் பார்த்துக்கொண்டு யாராவது காத்திருப்பார்களா என்றேன். நீங்க இருப்பீங்க என்றாள்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லக் கூடாது என்பதும் உத்தரவுதான். உள்ளே விட்ட துணி போட்டுக்கொள்கிறவளை உறுத்தக் கூடாதாம். அவளுக்குத் தெரியாமல் எழுதி மடித்துவிடலாம் என்று வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தேன், போன பக்கத்திலேயே வந்து பின்னால் நின்றுவிட்டாள் போலிருக்கிறது, கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினால் இப்படித்தான். முழுவதும் படித்துவிட்டு, 'சௌக்கியம்' சரியாக எழுதியிருக்கிறேனா என்று மட்டும் திரும்பப் பார்த்தாள். பிறகு, எழுதினது எழுதிவிட்டீர்கள், உன் கை எட்டுகிற உயரத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். எதற்கு என்றேன், அலமாரிக்கு என்றாள். இல்லாத அறையில் இல்லாத அலமாரிக்கு இப்போது என்ன அவசரம், அதுவும் உன் பழைய அளவுதான் நோட்டில் இருக்கிறதே என்றேன். பழைய அளவுக்குத் தைக்கிற தையற்காரி நான் இல்லை என்றாள்.

ஆகவே கண்டக்டர், வரும் வாரம் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள், உன் மூலையையும் சேர்த்துத்தான். அதற்காக நீ எதையும் முடிவு செய்ய வேண்டாம். வருகிறேன், வரவில்லை, இன்னும் தெரியவில்லை, எதுவும் எழுத வேண்டாம். அந்த அளவை மட்டும் ஒரு வரியில் அனுப்பு, எனக்கு அது விசில் ஊதின மாதிரி. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள், அந்த மடிப்புக் கட்டிலின் கொக்கியை யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள், தூக்கத்தில் உன்னையும் சேர்த்துச் சுவரில் சாத்திவிடப் போகிறது. எந்த ஊரில் இருந்தாலும் காலை நீட்டிப் படுக்கிற இடமும், எழுந்த பிறகும் அது அங்கேயே இருக்கிற பாக்கியமும் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

வண்டியை ஆஃப் பண்ணாமல் நிறுத்தி வைத்திருக்கும்
உன் டிரைவர் அப்பா

அம்மா கையால்: செருப்பைக் கழற்றிட்டு, சுவரோரமா நேரா நின்னு அள. எக்கிடாதே. எக்காம உன் கை எட்டுற உயரம்தான் எனக்கு வேணும்.